டோக்கியோ பிளாக்குக்கு எதிரே

அக்டோபர் 6, திங்கள்

திட்டத்தில் வேலை செய்பவர்கள் எல்லோரும் களக் குறிப்பு எழுத வேண்டும் என்று துறைத் தலைவர் சத்தியசீலன் சொல்லிவிட்டார். எழுதுகிறேன். ஆய்வு சம்பந்தப்பட்டவை மட்டுமே இதில் இடம்பெறும். சொந்த விஷயங்களுக்கு இடமில்லை.

நாங்கள் கண்டுபிடிக்க வேண்டியது, சென்னை எங்கே முடிகிறது என்பது. வரைபடத்தில் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. அது அரசாணையால் போட்டது. அதை யாரும் மதிப்பதில்லை, சென்னை உட்பட. ஆகவே, மக்கள் தினமும் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்பதை வைத்து எல்லையைப் போடப் போகிறோம். தலைவருக்கு இதில் தனி ஆசை ஒன்றும் உண்டு. உலக நகரங்களை ஆல்பா, பீட்டா, காமா என்று தரம் பிரிக்கும் அறிஞர்கள் இருக்கிறார்கள். எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்பது அவர்களுக்கு முக்கியமில்லை, அந்த நகரத்தின் சேவையைத் தேடி யார் யார் வருகிறார்கள் என்றுதான் பார்ப்பார்கள். சென்னையை அந்த ஏணியில் ஒரு படியாவது ஏற்றிவிட்டுத்தான் ஓய்வு பெறுவேன் என்கிறார் தலைவர். அவர் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

களம் வல்லங்குளம். கூடுவாஞ்சேரியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போக வேண்டும். பத்து வருடத்துக்கு முன்னால் கத்திரித் தோட்டம். இப்போது குபேரன் குளோபல் சிட்டி என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு. லண்டன், பாரிஸ், நியூயார்க், டோக்கியோ என்று நான்கு பிளாக்குகள்.

டோக்கியோ பிளாக்கின் நான்காவது மாடியில் என் மனைவி வசுமதியும் மகள் மிருதுளாவும் ஜூன் மாதத்திலிருந்து குடியிருக்கிறார்கள். களத் தேர்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அக்டோபர் 8, புதன்

பின்னணித் தகவலாக மட்டும் எழுதி வைக்கிறேன்.

வசுமதி மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகர். திருவல்லிக்கேணியிலிருந்து ஆறு வருடம் தினமும் போய்வந்தாள். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். வல்லங்குளத்துக்குக் குடிபோகலாம் என்றாள். நான் பிறந்தது, படித்தது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் திருவல்லிக்கேணி. புறநகரைப் பற்றி மூன்று கட்டுரை எழுதியிருக்கிறேன், மூன்றையும் திருவல்லிக்கேணியில் உட்கார்ந்துதான் எழுதினேன். "அந்தப் பொட்டக்காட்டுல நான் கால் வெக்க மாட்டேன்" என்று சொன்னேன். அவளுடைய அண்ணன் எதிரில் சொன்னேன். அதனால் திரும்பப் பெற முடியாமல் போய்விட்டது.

அவள் மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. லாரியில் பீரோவை ஏற்றும்போது நான்தான் ஒரு பக்கம் பிடித்தேன். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு இருவரும் இங்கே வந்துவிட்டுப் போகிறார்கள். இதைப் பிரிவு என்று சொல்ல மாட்டேன். இடப்பெயர்வு.

அக்டோபர் 10, வெள்ளி

ஆய்வு மாணவி ரெஜினா செயலியைத் தயார் செய்துவிட்டாள். ஊர் தூத்துக்குடி, கெட்டிக்காரி. விருப்பப்பட்டுச் சேர்ந்த அறுபது பேரின் போனில் இது இருக்கும். எங்கே போனார்கள், எங்கே நின்றார்கள் என்று வரைபடத்தில் கோடு இழுத்துக்கொண்டே வரும். ஓர் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால், "எதற்காக வந்தீர்கள்?" என்று கேட்கும். வீடு, வேலை, படிப்பு, கடை, சேவை, உறவு. ஒன்றைத் தொட வேண்டும். பெயர் வராது, எண் மட்டும்தான்.

சோதனைக்காக முதலில் என் போனில் நானே ஏற்றிக்கொண்டேன், அவளிடம் சொல்லவில்லை. எண் பூஜ்யம். வேலை முடிந்ததும் நீக்கிவிட வேண்டும்.

இதைத் தவிரக் கேள்வித்தாள் ஒன்றும் உண்டு. அதில் ஏழாவது கேள்வி என்னுடையது: "கடைசியாக எப்போது மெட்ராஸ் போனீர்கள்?" சிலர் "போன வாரம் போனேன்" என்பார்கள். அவர்கள் நகரத்துக்கு வெளியே இருப்பவர்கள். சிலர் "என்ன சார், இதுவே மெட்ராஸ்தானே?" என்பார்கள். அவர்கள் உள்ளே. அரசாணையைவிட இது நம்பகமானது என்பது என் கருத்து.

அக்டோபர் 14, செவ்வாய்

மாலையில் களப் பார்வை. டோக்கியோ பிளாக் வாசலுக்கு எதிரே, புங்கமரத்தடியில், கன்னியம்மா என்பவர் இஸ்திரி வண்டி போட்டிருக்கிறார். அங்கே நின்றால் வாசல் முழுக்கத் தெரிகிறது. சும்மா நின்றால் காவலாளி கேள்வி கேட்கிறார். பையில் இரண்டு சட்டை இருந்தது, கொடுத்தேன்.

ஆறு மணிக்கு மிருதுளா ஸ்கேட்டிங் சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். முன்பல் முளைத்துவிட்டது. வசுமதி பின்னால் காய்கறிப் பையோடு வந்தாள். நான் மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தேன். ஆய்வாளர் களத்தில் தன்னைக் காட்டிக்கொள்ளக் கூடாது.

கால் வைக்க மாட்டேன் என்று சொன்னது குடியிருப்புக்குள்ளே. இஸ்திரி வண்டி வெளியே இருக்கிறது.

அக்டோபர் 15, புதன்

மாலையில் களப் பார்வை. சட்டை இரண்டு.

அக்டோபர் 16, வியாழன்

சட்டை ஒன்று, வேட்டி ஒன்று.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. இருவரும் காலையிலேயே திருவல்லிக்கேணி வந்துவிட்டார்கள். மிருதுளா மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும் என்றாள். டோக்கியோவுக்கும் லண்டனுக்கும் பட்டாசுப் போட்டியாம். யாரோ தோழி போனில் கூப்பிட்டாள். "நான் மெட்ராஸ் வந்திருக்கேன்டி, எங்கப்பா மெட்ராஸ்லதான் இருக்காரு, அஞ்சு மணிக்கு வந்துடுவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

எட்டு வயதுக் குழந்தைகள் எங்கள் ஆய்வில் சேர்த்தி இல்லை. இருந்தாலும் ஒரு மாதிரியாக இருந்தது.

கிளம்பும்போது வசுமதி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "வீட்டு ஓனர் கேக்கறாரு. அடுத்த வருஷமும் இருக்கப் போறோமான்னு. தை பொறக்கறதுக்குள்ள நீங்க ஒரு முடிவு சொல்லிடுங்க. வரீங்களா, இல்லையா."

"யோசிச்சு சொல்றேன்" என்றேன்.

"யோசிங்க. ஆனா நாங்க ரெண்டு பேரா இருந்து பழகிட்டோம்னா, அப்புறம் நீங்க வந்தாக்கூட இடைஞ்சலாத்தான் இருக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ராத்திரிக்கு மீதி வடையைச் சாப்பிட்டுப் படுத்தேன்.

நவம்பர் 5, புதன்

சட்டைகள் தீர்ந்துவிட்டன. எல்லாமே மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. இஸ்திரி போட்ட சட்டையைக் கசக்கி மறுபடி கொண்டுபோவது ஆய்வு நெறிக்குப் பொருந்துமா என்று யோசித்தேன். தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

கன்னியம்மா சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார், நேத்து நான் போட்ட மடிப்பு அப்பிடியே கீது. மேல கசக்கி எட்தாந்திருக்க."

"டிரெயின்ல கூட்டம்மா" என்றேன்.

"எங்கிருந்து வர்ற?"

"திருவல்லிக்கேணி."

"அங்க பொட்டி போட ஆளே இல்லியா?"

எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். "இருக்காங்க" என்றேன். அவர் கரியை ஊதினார்.

செயலி கேட்டது: எதற்காக வந்தீர்கள்? "சேவை"யைத் தொட்டேன். இஸ்திரி ஒரு சேவைதான்.

நவம்பர் 18, செவ்வாய்

சட்டை இரண்டு. மிருதுளா வரவில்லை. வசுமதி மட்டும் வந்தாள், தலைக்குக் குளித்திருந்தாள்.

டிசம்பர் 3, புதன்

நேற்று ராத்திரி முழுக்க மழை. பல்கலைக்கழகத்துக்கு விடுமுறை. மின்சார ரயில் தாம்பரம் வரைதான் என்றார்கள். தாம்பரத்திலிருந்து ஒரு பஸ், அப்புறம் ஒரு லாரி, அப்புறம் நடை. வல்லங்குளத்தில் முழங்கால் தண்ணீர். ஏரி தன் பழைய இடத்தைத் தேடி வந்திருந்தது. வெள்ளக் காலத்தில் புறநகர் எப்படி இயங்குகிறது என்பதை நேரில் பார்ப்பது அவசியம்.

இஸ்திரி வண்டி இல்லை. சாயங்காலமே இருட்டிவிட்டது. நான்கு பிளாக்குகளிலும் மின்சாரம் இல்லை. வாசலில் குடையோடு நின்றேன். டோக்கியோவின் மாடிப்படி ஜன்னல்களில் ஒரு டார்ச் வெளிச்சம் தெரிந்தது. கீழே வந்தது, மேலே போனது, மறுபடி கீழே வந்தது. நான்காவது மாடி வரைக்கும் போவதைக் கவனித்தேன். ஆட்கள் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள், வாழ்க்கை வழக்கம்போல நடக்கிறது என்று முடிவு செய்தேன். போன் அடித்துப் பார்த்தேன். டவர் இல்லை.

மனசு சமாதானமாகித் திரும்பினேன். செயலி எங்கிருந்தோ சிக்னல் பிடித்துக் கேட்டது. "சேவை" என்றேன்.

டிசம்பர் 5, வெள்ளி

ஜலதோஷம்.

டிசம்பர் 11, வியாழன்

ரெஜினா முதல் வரைபடத்தைக் கொண்டுவந்தாள். எல்லாக் கோடுகளும் காலையில் வல்லங்குளத்திலிருந்து நகரத்துக்குப் போகின்றன, மாலையில் திரும்புகின்றன. உலகத்தில் எந்தப் புறநகரை எடுத்தாலும் இப்படித்தான் இருக்கும். தலைவர் கொட்டாவி விட்டார்.

"சார், இதைப் பாருங்க" என்று ரெஜினா ஒரு சிவப்புக் கோட்டைக் காட்டினாள். மாலையில், எல்லோருக்கும் எதிர்த் திசையில், மாநகரத்தின் மையத்திலிருந்து வல்லங்குளத்துக்கு வருகிறது. கொஞ்ச நேரம் நிற்கிறது. திரும்பிப் போய்விடுகிறது. வார நாள் தவறுவதில்லை. "வெள்ளம் வந்த அன்னைக்குப் பாருங்க சார். ஒருத்தரும் வீட்டை விட்டு நகரல. மொத்த மேப்புலயும் இந்த ஒத்தக் கோடுதான் ஓடுது. காரணம், சேவைன்னு போட்டிருக்காவ."

தலைவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "சேவை! மையத்துல இருக்கறவன் சேவையைத் தேடி விளிம்புக்கு வர்றான். இது உலக நகரத்தோட அடையாளம், அறவாழி! புறநகர் தானே ஒரு மையமா மாறுது! வெள்ளத்துலயும் வர்றான்னா எப்பேர்ப்பட்ட சேவையா இருக்கும்!" என்று என் தோளைத் தட்டினார்.

அந்தக் கோடு எனக்கும் சுவாரஸ்யமாகத்தான் பட்டது. எழும்பூர் வழியாக வருகிறது.

டிசம்பர் 12, வெள்ளி

"சார், இந்த பூஜ்யம் யாரு?" என்று ரெஜினா கேட்டாள்.

பங்கேற்பாளர்களின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்று சொன்னேன். அது விதியிலேயே இருக்கிறது.

டிசம்பர் 16, செவ்வாய்

தலைவர் மார்ச்சில் நடக்கும் சிங்கப்பூர்க் கருத்தரங்குக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பிவிட்டார். "தலைகீழ்ப் பயணிகள்: புறநகரின் உயர்சேவை ஈர்ப்பு." அந்தப் பயணியின் உந்துதலைப் பற்றி இரண்டு பத்தி எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். "இப்பயணி தன் தேவையைத் தானே முழுமையாக அறிந்தவராகத் தெரியவில்லை" என்று ஒரு வரி வந்தது. அடித்துவிட்டேன்.

நாளைக்குச் சொல்லிவிடலாம்.

டிசம்பர் 17, புதன்

சொல்லவில்லை. சட்டை இரண்டு.

டிசம்பர் 28, ஞாயிறு

வசுமதியும் மிருதுளாவும் வர வேண்டிய ஞாயிறு. வரவில்லை. டோக்கியோ பிளாக்கில் பிறந்தநாள் விழாவாம். "அடுத்த வாரம் பாக்கலாம்ப்பா" என்று மிருதுளா போனில் சொன்னாள். பின்னணியில் ஒரே சத்தம், சிரிப்பு. பழகிவிட்டார்கள் என்று நினைத்தேன். கடற்கரைக்கு நடந்துபோய் நேராகத் திரும்பி வந்தேன்.

தை பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது.

ஜனவரி 4, ஞாயிறு

ஆய்வின் முடிவுகளைப் பங்கேற்றவர்களுக்கே முதலில் காட்ட வேண்டும் என்பது எங்கள் துறை வழக்கம். குளோபல் சிட்டியின் கிளப் ஹவுஸில் கூட்டம். கிளப் ஹவுஸ் காம்பவுண்டுக்குள்ளே இருக்கிறது. காவலாளி தடுப்புக் கம்பைத் தூக்கி வழி விட்டார். கால் வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

பாதி நாற்காலி நிறைந்திருந்தது. வசுமதி மூன்றாவது வரிசையில் இருந்தாள். மிருதுளா வெளியே விளையாடிக்கொண்டிருந்தாள். தலைவர் உலக நகரங்களைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். லண்டன் பிளாக் செயலாளர் எழுந்து, "இந்த மேப்பால எங்களுக்கு மெட்ரோ ரயில் வருமா சார்?" என்றார். ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது என்றேன். "லாரித் தண்ணியாவது?" என்றார்.

பிறகு ரெஜினா திரையில் சிவப்புக் கோட்டைப் போட்டாள். நான் புரொஜெக்டர் ஒயரைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

"இவங்க தினமும் திருவல்லிக்கேணியில இருந்து வாராங்க. டோக்கியோ பிளாக் வாசலுக்கு எதிர்ல, இந்த மரத்தடியில நிக்காங்க. அப்புறம் போயிருதாங்க."

"அங்க இஸ்திரி வண்டிதானே இருக்கு?" என்றார் யாரோ. கூட்டம் சிரித்தது. "சட்டைய பொட்டி போட திருவல்லிக்கேணிலேர்ந்து வரானா! யாருய்யா அந்தப் புண்ணியவான்?"

வசுமதி சிரிக்கவில்லை. என் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை கன்னியம்மா போட்ட மடிப்பு. அவள் எழுந்து ரெஜினாவைக் கேட்டாள்: "வெள்ளத்தன்னிக்கும் வந்தாரா அவர்?"

"வந்திருக்காங்க மேடம். அன்னைக்கு அந்த ஒரு ஆள்தான்."

"உள்ள வந்தாரா?"

"இல்ல மேடம். வாசல் வரைக்குந்தான்."

"ஏன் உள்ள வரலைன்னு உங்க கேள்வித்தாள்ல ஒரு கேள்வி இல்லையா?"

ரெஜினா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். ஒயரில் கவனிக்க இனி எதுவும் இல்லை.

"அந்தக் கேள்வி இல்ல. அது நான்தான்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. வசுமதி வெளியே போனாள். நானும் போனேன். டோக்கியோவின் படி அருகில் நின்றாள்.

"அன்னிக்கு மிருதுவுக்கு நூத்திமூணு ஜுரம். கரண்ட் இல்ல, லிஃப்ட் இல்ல, குழாய்ல தண்ணி இல்ல. அவள பக்கத்து வீட்டுல படுக்க வெச்சுட்டு, கீழ சம்ப்புத் தொட்டிலேர்ந்து நாலு மாடி குடம் குடமா ஏத்தினேன். நீங்க வாசல்ல நின்னீங்களா?"

"டார்ச் வெளிச்சம் தெரிஞ்சுது" என்றேன்.

"அது நான்தான்."

அந்த வெளிச்சம் மேலும் கீழும் போவதை நின்று பார்த்திருக்கிறேன். பார்த்து, எல்லாம் நலம் என்று எழுதியும் வைத்திருக்கிறேன். தூரத்தில் நின்று ஒரு புள்ளி நகர்வதைப் பார்த்து, அது ஏன் நகர்கிறது என்று தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வதுதான் இருபது வருடமாக என் தொழில். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, அந்தக் குடத்தை நான் தூக்கியிருக்க வேண்டும் என்பதுதான் உறுத்தியது.

அவள் அழவில்லை. மூச்சு மட்டும் வாங்கியது. "இப்ப வாங்கன்னு சொல்ல மாட்டேன். ஒரு தடவ சொல்லியாச்சு. லிஃப்ட் வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கிளப் ஹவுஸுக்குத் திரும்பினேன். புரொஜெக்டரைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றினேன்.

ஜனவரி 5, திங்கள்

தலைவர் அறை. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஒரு ஆளா இருந்தாலும் அது ஒரு போக்குதானே அறவாழி?"

"இல்ல சார். அது எங்க வீட்டுப் பிரச்சினை."

"சிங்கப்பூர்ல ஏத்துக்கிட்டாங்கய்யா. உங்க வீட்டுப் பிரச்சினை மார்ச்சுக்கு அப்புறம் வந்திருக்கக் கூடாதா?"

மன்னிப்புக் கேட்டேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "சென்னை எங்க இருக்கோ அங்கயே இருக்கட்டும், போங்க" என்றார்.

ரெஜினா பூஜ்யத்தை நீக்கினாள். வரைபடம் மற்ற ஊர் வரைபடங்களைப் போல ஆகிவிட்டது. "நல்ல கோடு சார்" என்றாள்.

ஜனவரி 7, புதன்

சட்டை கொண்டுபோகவில்லை. கன்னியம்மா பார்த்து, "இன்னா சார், வெறுங்கையோட வந்துகீற?" என்றார். மேலே போகிறேன் என்றேன். "போ. கூட்டம் முடிஞ்சு நாலு நாளாச்சு, எப்ப மேல போவேன்னு நானும் பாத்துக்கினே கீறேன்" என்று கணக்குப் போட்டார். இன்றோடு மூன்று நாள்தான்.

லிஃப்டில் போகவில்லை. படியில் ஏறினேன். நான்கு மாடி என்பது வரைபடத்தில் தெரியாது. மூன்றாவது மாடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டேன், கையில் குடம்கூட இல்லை.

மிருதுளா கதவைத் திறந்தாள். "அப்பா! நீ இங்கயா?" என்று கத்திவிட்டு உள்ளே ஓடினாள். வசுமதி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். என்ன பேசுவது என்று வழியெல்லாம் தயார் செய்திருந்தேன்.

"வரேன்னு சொல்ல வந்தேன். இருக்கறதுக்கு" என்றேன்.

அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். நம்பினாளா என்று இன்னும் தெரியவில்லை. "தண்ணி லாரி காலைல அஞ்சரைக்கு வரும். இறங்கிப் பிடிக்கணும்" என்றாள்.

"பிடிக்கறேன்."

"தினமும்."

"தினமும்" என்றேன். அழுகை வந்துவிட்டது. மிருதுளா ஸ்கேட்டிங் சக்கரத்தைக் காட்ட வந்தவள், பயந்துபோய் அம்மாவைப் பார்த்தாள்.

ஜனவரி 8, வியாழன்

லாரி அஞ்சே முக்காலுக்குத்தான் வந்தது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். நான்கு பிளாக்குக்கும் பொதுவாக ஒரே பானை. லண்டன் செயலாளர் என்னிடம் வந்து மெட்ரோ பற்றி மறுபடி கேட்டார்.

ஜனவரி 18, ஞாயிறு

திருவல்லிக்கேணி வீட்டிலிருந்து புத்தகங்களை எடுத்து வர வேண்டும். காலையில் வேனுக்குச் சொல்லியிருந்தேன். மிருதுளா வாசலில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா போற?"

"மெட்ராஸ் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்றேன்.

படியில் பாதி இறங்கிய பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. ஒரு நிமிஷம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலேயிருந்து வசுமதி கூப்பிட்டாள்.

"சாயங்காலம் வரும்போது கன்னியம்மாகிட்ட என் புடவை ரெண்டு இருக்கு, வாங்கிட்டு வாங்க."

சரி என்றேன்.